நான் நீட்டவிடாத கை

மருதமுனை,
14.03.1982, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஸலாஹுதீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், கடல் தாண்டி இருக்கிற உன்னுடைய சுகத்துக்கு ஐந்து நேரமும் கையேந்துகிறோம் என்றுதான் எப்போதும் முதல் வரியில் எழுதுவேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போன இரண்டு கடிதத்திலும் அதை எழுதியிருந்தேன், இரண்டிலும் எழுதினது பொய். இதை நீ நின்றுகொண்டு வாசித்தால் முதலில் எங்கேயாவது உட்கார்ந்துகொள் மகன்.

உன்னுடைய கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ராத்தா ஏன் முந்தி மாதிரிக் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுவதில்லை, என்னோடு கோபமா என்று மூன்றாம் தடவையாகக் கேட்டிருக்கிறாய். புருஷனைப் பறிகொடுத்து இத்தாவில் இருக்கிறாள், அதனால் எழுதவில்லை என்று நான் உனக்குச் சாட்டுச் சொன்னேன். இத்தாவில் இருக்கிற பெண் கூடப்பிறந்த தம்பிக்குக் கடிதம் எழுதக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை, நீ ஓதினவன், உனக்கும் அது தெரியும், வாப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பாய். உண்மை இதுதான். ஜனவரி முப்பத்தோராம் திகதி உன் ராத்தா சுபைறாவுக்குப் பாரிசவாதம் அடித்துவிட்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு இல்லை. முப்பத்தாறு வயது மகன் அவளுக்கு. உயிர் இருக்கிறது, நாம் சொல்வது விளங்குகிறது, அதற்கு மேல் நல்ல செய்தி என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எப்படி வந்தது என்று கேட்பாய். ஊரில் யார் கேட்டாலும் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை, அதனால் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீ தம்மாமுக்குத் துறைமுக வேலைக்குப் போன அடுத்த மாதம் நம்முடைய டிஸ்பென்சரிக்குப் புண்ணியமூர்த்தி என்று ஒரு அப்போத்திக்கரி மாற்றமாகி வந்தார். மெலிந்த மனிதர், தடித்த மூக்குக்கண்ணாடி, கச்சான் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சைக்கிளோடு விழுந்துவிடுவார் என்று நினைப்பாய், ஆனால் பிடிவாதத்தில் என்னை வென்றவர். இருமல் என்று போனாலும் சரி, சிரங்கு என்று போனாலும் சரி, முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆள் என்றால் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பிறஷர் பார்ப்பார், பிறகுதான் வந்த காரியம். சவளக்கடை வட்டை வயல்களுக்கு வாய்க்கால் வெட்டுவிக்கும்போது மண்வெட்டி பட்டு என் கால்விரல் கிழிந்து நான் நொண்டி நொண்டிப் போனேன், அந்த மனிதர் என் கையில் கறுப்புச் சீலையைச் சுற்றிக் காற்றடிக்கத் தொடங்கினார். காயம் கால்ல ஐயா, நீங்க என்ன கையில வேல பாக்கிறீங்க என்று சத்தம் போட்டுச் சீலையை உருவி எறிந்தேன். வாங்குப் பலகையில் இருந்த சனம் எல்லாம் சிரித்தது. அவர் கோபிக்கவில்லை. இது நோவில்லாத வருத்தம் விதானையார், ஆள விழுத்தினாப் பொறகுதான் இருந்தது தெரியும், அதுதான் விழமுந்திப் பாக்கிறன் என்றார். நான் விரலுக்கு மருந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானை அப்போத்திக்கரியை ஏசின கதையை அன்று முழுக்க நானே தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், அவ்வளவு பெருமை எனக்கு.

பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள் இல்லை என்று அவர் பிறகு பெண்பிள்ளைகளின் பாடசாலையில் ஒரு வியாழக்கிழமை ஏற்பாடு செய்தார். நடுவில் திரை கட்டி, உள்ளே மிட்வைஃப் நோனா சீலையைச் சுற்ற, பெண்கள் கையை மட்டும் திரைக்கு வெளியே நீட்ட, இவர் வெளியில் கதிரையில் இருந்து குழாயைக் காதில் வைத்துப் பார்த்தார். உன் உம்மாவுக்கு ஓயாத தலையிடி என்று சுபைறா கூட்டிப்போனாள். உம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வந்ததோடு நீங்களும் நீட்டுங்க தங்கச்சி என்று அவர் சொன்னதற்காக நீட்டினவள் சுபைறா, அவளுக்கு நூற்றித் தொண்ணூறுக்கு நூற்றி இருபது. மிஷின் பழுதுகா என்று உம்மா சொல்ல, அவர் கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை பார்த்தாராம், குறையவில்லை. ஆளைப் பார்த்தால் ஒரு நோய் வருத்தமும் இல்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று கிணற்றடியிலிருந்து ஓட்டமாய் வருகிறவள். அவளைப் பெற்ற எனக்குத் தெரியாத ஒன்றை அந்தக் கறுப்புச் சீலை கண்டுபிடித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆனால் அவள் அதைப் பாரமாக எடுத்தாள், அவர் கொடுத்த குளிசையை ஒருநாளும் தவறாமல் குடித்தாள். மாதத்தில் முதல் வியாழக்கிழமை மழை பெய்தாலும் போவாள், கிளினிக் கொப்பிக்குக் கலண்டர் தாளில் உறை போட்டுப் பொலித்தீன் பைக்குள் வைத்திருப்பாள். கருவாட்டைக் கையால் தொடவில்லை. அவள் புருஷன், உன் மச்சான் மஜீட்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார், வரும்போது இண்டைக்கு எவ்வளவு நம்பர் என்று வாசல் கடப்படியில் வைத்தே பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டுப் பகிடி பண்ணுவார். ஒரு வருடத்துக்குள் நூற்றி நாற்பதுக்குத் தொண்ணூறாக இறங்கிவிட்டது. அது குளிசையால் இறங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை மகன். வருத்தம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒக்டோபர் இருபத்தொன்பதாம் திகதி நெல் மூட்டை ஏற்றின லொறி பிரண்டு மஜீட் வபாத்தாகிப்போனார். இருபத்தெட்டு நாள் கழித்து நீ எழுதின கடிதத்தை நான்தான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அவளுக்கு வாசித்தேன். அவளுடைய இத்தாவை நடத்தின விதத்தை மட்டும் உனக்கு எழுதவில்லை. ஊரில் ஒருத்தனும் விரல் நீட்டிக் குறை சொல்லக்கூடாது என்று நான் நினைத்தேன். நடு அறைக்கு வெள்ளைச் சீலையில் திரை, யன்னலுக்குப் பலகை, கடப்படியில் மறைப்புக்குப் படங்கு. பக்கத்து வீட்டுப் பையன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் ஏச்சு. வளவுக்குள் நின்ற கிடாய் ஆட்டைக்கூட அவிழ்த்து அடுத்த வளவில் கட்டச் சொன்னேன். சிரிக்க முடியாத அந்த நாளிலும் உன் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் ஏசினேன். மௌலவியிடம் எது கூடும் எது கூடாது என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. வட்டையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று நான்தானே சொல்லுகிறேன், வீட்டிலும் அப்படியே நானே சொன்னேன்.

நவம்பர் மாத முதல் வியாழக்கிழமை அவளுடைய கொப்பியைக் கொண்டு நான்தான் டிஸ்பென்சரிக்குப் போனேன். பிறஷர் பார்க்காமல் குளிசை கொடுக்கிறதில்லை, ஆனாலும் உங்கட நிலைமைக்காகப் பதினைஞ்சு நாளுக்குத் தாறன், மனுசன் மவுத்தான கவலையில இப்ப ஏறியிருக்கும், கட்டாயம் பாக்கோணும் விதானையார் என்றார் அவர். இத்தாவில் இருக்கிறாள், வர ஏலாது என்றேன். அப்ப நான் வாறன் என்றார். நான் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்னபடியே வந்தார் மகன். இருபதாம் திகதி, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ கலைந்து சனம் வீதியில் வருகிற நேரம், மிஷினை மரப்பெட்டியோடு சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நம்முடைய கடப்படியில் வந்து இறங்கினார். மிட்வைஃப் நோனா மாறிப் போய்விட்டார், புதிய ஆள் வரவில்லை, அதனால் தானே வந்ததாகச் சொன்னார். வேறு நாளில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது, அன்று பள்ளியால் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இத்தா வீட்டுக் கடப்படியில் ஒரு ஆம்பிளை, அதுவும் என்னுடைய வீட்டில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

அவர் மெதுவாகத்தான் கதைத்தார். அண்டைக்குப் போல திரை இருக்கட்டும், நான் முகம் பாக்கமாட்டன், உங்கட மனுசியே சீலையச் சுத்தட்டும், கையில உடுப்பு இருந்தாலும் காரியமில்ல, ரெண்டே ரெண்டு நிமிசம் என்றார். உன் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, ஒரு கை தானே, பாக்கட்டுமே என்றாள். உள்ளுக்கிருந்து சுபைறாவும் சொன்னாள், வாப்பா, கைய மட்டுந்தானே நீட்டப்போறன், எனக்குப் பிடரியெல்லாம் நோகுது என்றாள். கேட்டது எனக்கு மகன், தெளிவாகக் கேட்டது. நான் வீதியில் நின்ற சனத்துக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன், விரலும் வெளிய வராது, நாலு மாசமும் பத்து நாளும் பொறுக்க ஏலாதா, உங்கட ஆக்களுக்கு இத்தா என்டா என்னென்டு தெரியுமா, போங்க ஐயா என்று. அவர் முகம் கறுத்துவிட்டது. பெட்டியைத் திரும்பக் கட்டும்போது கயிறு இறுகவில்லை, இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். நான் உதவிக்கும் போகவில்லை. போகும்போது, மனசு மாறினா ஆள் அனுப்புங்க, எப்பவும் வருவன் என்று மட்டும் சொன்னார். சனத்தில் இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பதினைந்து நாள் குளிசையும் அதோடு முடிந்தது. ஏசி அனுப்பின மனிதரிடம் திரும்ப எப்படிப் போவது என்று எனக்கு வெட்கம், அந்த வெட்கத்தை வெட்கம் என்று சொல்லாமல் வேறு நியாயம் சொன்னேன். அவளுக்கு இப்ப வேலையா வெட்டியா, இருட்டறையில காலை நீட்டிக் கிடக்கிறாள், இரத்தம் அமைதியா இருக்கும், என்ன பிறஷர் வரும் என்று உம்மாவிடம் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது ஏறும், சும்மா இருந்தால் இறங்கிவிடும் என்று. புருஷனைப் பறிகொடுத்த பெண் இருட்டில் தனியாக இருந்து என்ன யோசிப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. இத்தா முடியட்டும், நானே காரில் கூட்டிப்போய் நல்ல டொக்டரிடம் காட்டுகிறேன் என்று அவளுக்கும் திரைக்கு வெளியே இருந்து சொன்னேன். ஓம் வாப்பா என்றாள். பத்துக் கிழமை இப்படிப் போனது.

இத்தாவின் தொண்ணூற்றி நாலாம் நாள் காலையில் தலை வெடிக்கிறது என்று சுபைறா சொன்னாளாம். உம்மா வந்து என்னிடம் சொல்லும்போது நான் வட்டைக்குப் போகச் சைக்கிளை எடுத்துவிட்டேன், வாய்க்காலில் தண்ணீர்ச் சண்டை, கதிர் பால் பிடிக்கிற நேரம். கோடாலித் தைலம் பூசிவிடு என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். அவளுடைய மூத்தவள் றஹீமா லுஹர் தொழுகைக்கு வுளூச் செய்யத் தண்ணீர் கொண்டு உள்ளே போயிருக்கிறாள். சுபைறா ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறாள், வாயால் நீர் வடிகிறது, கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தது. அவளும் உன் உம்மாவும் குழறின சத்தத்துக்கு அயலில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள், ஓடி வந்து கடப்படியில் நின்றுவிட்டார்கள் மகன். இத்தா வீடு, உள்ளே எப்படிப் போவது, விதானை வந்தால் என்ன சொல்வார் என்று. காரும் வந்து வீதியில் நின்றதாம். பெண்களுக்கு அவளைத் தூக்க ஏலவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போயிருக்கிறது. யாரோ பள்ளிக்குப் போய்ச் சொல்லி அபுல் ஹஸன் மௌலவி ஓடி வந்து, என்னத்தப் பாத்து நிக்கிறீங்க, உசிர் போகுது, உள்ளுக்குப் போய்த் தூக்குங்க என்று சத்தம் போட்ட பிறகுதான் நாலு பேர் உள்ளே போனார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கடப்படியில் படங்கைக் கட்டினவன் நான்.

எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேரும்போது கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து மட்டக்களப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே வாட்டில் போய்ப் பார்த்தேன். தலையில் முக்காடு இல்லை, மூக்கில் குழாய், யார் யாரோ ஆம்பிளைகள் வந்து பிரட்டினார்கள், ஊசி போட்டார்கள், துடைத்தார்கள். நல்ல மனிதர்கள், தங்கள் பிள்ளையைப் போலப் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விரலும் வெளியே வராது என்று சொன்னவன் நான் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறஷர் இருநூற்றி நாற்பது இருந்ததாம் வந்தபோது. குளிசையை எப்ப நிப்பாட்டினது, ஏன் நிப்பாட்டினது என்று டொக்டர் கேட்டார். முடிஞ்சுபோச்சு ஐயா என்று சொன்னேன். பதினெட்டு நாள் அங்கே இருந்தோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த நாள் மௌலவியிடம் போனேன். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவள் அன்றைக்கு டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் குற்றமா, அப்போத்திக்கரி வந்து பார்த்திருந்தால் குற்றமா என்று கேட்டேன். மருந்துக்கு என்டா பகல்ல போய்ப் பொழுதுபட முந்தி வரலாம், வைத்தியன் வந்து தேவையான இடத்தப் பாக்கலாம், இதெல்லாம் செல்லித்தான் ஓதித் தந்திருக்கு, நீங்க என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா விதானையார், நீங்க கேக்கல்ல, அறிவிச்சீங்க என்றார் மௌலவி. அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை அந்த மனிதருக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுத்திருப்பேன், ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். யா அல்லாஹ், நான் மார்க்கத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்னுடைய பெருமையைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

பிறகு புண்ணியமூர்த்தி ஐயாவிடம் போனேன். வாங்கில் வரிசையில் இருந்தேன், விதானை என்று முந்தவில்லை. என் முறை வந்ததும் உள்ளே போனேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனிதர் கதிரையைக் காட்டி, இருங்க, கைய நீட்டுங்க என்றார். நீட்டினேன். நூற்றி எண்பதுக்கு நூற்றிப் பத்து. உங்கட தாய் தகப்பன் எப்பிடி மவுத்தானவங்க என்று கேட்டார். என்னுடைய உம்மா வயலில் கஞ்சி கொடுத்துக்கொண்டு நின்றபோது விழுந்து அன்றே போனா என்றேன், பேய் அறைஞ்சது என்று அப்போது சொன்னார்கள். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டே, இது உங்கட குடும்பத்தில ஓடுது விதானையார், மத்தப் பிள்ளையும் பாக்கோணும் என்றார். எனக்கும் இப்போது வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று. மத்தப் பிள்ளை நீதான் மகன். உனக்கு முப்பத்திரண்டு. அந்த வெயிலில் துறைமுகத்தில் நாள் முழுக்க நிற்கிறாய், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை வாப்பா என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கம்பனி டொக்டரிடம் போய்க் கையை நீட்டு. எவ்வளவு என்று நம்பரை எழுது, என்னைப் போலப் பொய் எழுதாதே. குளிசை தந்தால் குடி, குறைந்துவிட்டது என்று நிப்பாட்டாதே, நோன்பு வந்தால் ஸஹருக்கும் நோன்பு துறந்தும் எப்படிக் குடிப்பது என்று டொக்டரிடம் கேள். கேட்கிறதில் வெட்கம் இல்லை. இது நான் உனக்குச் சொல்கிற புத்திமதி என்று நினைக்காதே, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை அவளுடைய இத்தா முடிந்தது. வழமையாகச் செய்கிற மாதிரி அயல் பெண்கள் வந்தார்கள், குளிப்பாட்டிப் புதுச்சீலை உடுத்தி வெளியே கூட்டி வருகிற நாள். கூட்டி வர ஆள் எழும்ப வேண்டுமே. கட்டிலில் வைத்தே துடைத்து உடுத்தினார்கள். இத்தா முடிஞ்சிட்டு மகள் என்று ஒருத்தி சொன்னதும் அவள் சத்தமில்லாமல் அழுதாளாம், இடது கண்ணாலும் வலது கண்ணாலும் நீர் ஓடியது என்று உம்மா வந்து எனக்குச் சொன்னாள். உன் உம்மா சல்மா என்னோடு அவ்வளவுதான் கதைக்கிறாள் இப்போது. சோற்றை வைப்பாள், போய்விடுவாள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் ஏசாத நாள் இல்லை, அவள் ஏசாத நாளும் இல்லை, இந்த வீடு இப்படி மௌனமாக ஒருநாளும் இருந்ததில்லை. குளிசையைப் பொடித்துப் பழத்தில் குழைத்துத் தீற்றுகிறது றஹீமா, நேரம் தவறாமல். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள், வராமல் பார்ப்பது குளிசையில்தான் இருக்கிறது என்று டொக்டர் சொல்லி விட்டிருக்கிறார். புண்ணியமூர்த்தி ஐயா ஒவ்வொரு வியாழனும் டிஸ்பென்சரி மூடினதும் அதே சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், ஒரு தேத்தண்ணி குடிக்கிறார், அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இன்றுவரை சொன்னதில்லை.

இனி எழுதுவது உனக்கு மட்டும். சுபைறாவுக்கு ஆட்களை அடையாளம் தெரிகிறது. உம்மா போனால் பார்ப்பாள். பிள்ளைகள் போனால் இடது கையால் தலையைத் தடவுவாள். அந்த அப்போத்திக்கரி வந்தால்கூட அவர் கேட்கமுந்தி இடது கையைத் தூக்கிக் கொடுக்கிறாள். நான் அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வருத்தம் கழுத்தை அந்தப் பக்கம் இழுக்குது, நீங்க மனச விடாதீங்க என்று எல்லோரும் சொல்கிறார்கள். கழுத்தை வருத்தம் இழுத்தால் மற்றவர்கள் போகும்போதும் இழுக்க வேண்டாமா. எனக்குத் தெரியும் மகன், அது வருத்தம் இல்லை. நான் போகும்போது மட்டும்தான் அவள் சுவரைப் பார்க்கிறாள், நான் வெளியே வரும்வரைக்கும் பார்க்கிறாள். அவள் பேசினால் என்னை ஏசுவாள், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். பேச்சும் இல்லை.

நீ வேலையை விட்டு ஓடி வராதே. ஒப்பந்தம் முடிந்து ஷவ்வால் மாதம் வா, அதுவரை அல்லாஹ் அவளுக்கு ஹயாத்தைத் தருவான். உன்னை எல்லாக் கேட்டிலிருந்தும் அவன் காப்பானாக, தேகத்தில் சுகத்தையும் உழைக்கிற ரிஸ்கில் பறக்கத்தையும் நல்ல மனதையும் தருவானாக, என்னுடைய பிடிவாதம் மட்டும் உனக்கு வராமல் இருக்கட்டும், ஆமீன். உம்மாவும் றஹீமாவும் அவள் தம்பி சின்னவனும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ராத்தாவுக்கு என்று தனித்தாளில் எழுது. உன்னுடைய கடிதம் வந்தால் அவள் எதிர்பார்க்கிறாள், தபாற்காரனின் மணி கேட்டால் கண் வாசலுக்குப் போகிறது. அதை வாசித்துக் காட்டுகிறவன் நான்தான், உம்மாவுக்கு வாசிக்கிற அளவுக்குக் கண் தெரியாது, பிள்ளைக்கு உன் எழுத்து விளங்காது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை போனேன் மகன், வட்டை முழுக்கக் கேட்கச் சத்தம் போடுகிற இந்த வாயால் அந்த ஒரு சொல்லை அவள் முன்னால் சொல்ல முடியவில்லை, நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். வாப்பா செய்தது பிழை, வாப்பாவை மன்னித்துவிடு ராத்தா என்று நீ அந்தத் தாளில் எழுது. நீ எழுதியிருந்தால் நான் வாசித்துத்தானே ஆகவேண்டும். முதல் வரியிலேயே எழுது, அடியில் போட்டால் நான் அதுவரை வாசிக்காமல் மடித்துவிடுவேன்.

உன் வாப்பா,
மீ. அபூசாலி.